பயாஸை ஏற்றச் சொன்னீர்கள், முதலில் எடுத்து வைக்கச் சொல்லவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டாலும் பழைய மேசைக் கணினியைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. எஸ்எஸ்டி மாட்டி, ராம் கூட்டி, லினக்ஸ் ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரியான யோசனை. ஆனால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் முதல் வரியே "பயாஸை (கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) அண்மைப் பதிப்புக்கு மேம்படுத்துங்கள்" என்று இருந்தது. அதோடு முடித்துவிட்டீர்கள். பட்டியலில் உள்ள மற்ற எல்லா வேலையிலும் தவறு நேர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டலாம். பயாஸ் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் விசிறி மட்டும் சுற்றும், டிஸ்பிளே வராது; இணையத்தில் தீர்வு தேடக்கூட அந்தக் கணினி உதவாது. அதனால் ஏற்றும் முன் சிப்பில் இருப்பதை முழுதாக நகலெடுத்து வைக்க வேண்டும்; அந்த ஒரு வரிக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறோம்.

முதலில் எதைத் தொடுகிறோம் என்பது தெரிய வேண்டும். 2011, 2012 வாக்கில் வந்த, இன்டெல் எச்61 சிப்செட் (புராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பழைய கணினி என்றால் பெரும்பாலும் அதுதான். அதன் ஒரு மூலையில் எட்டுக் காலுள்ள சிறிய சிப் இருக்கும். மேலே 25 என்ற எண் கலந்த பெயர் பொறித்திருக்கும்: வின்பாண்ட் என்றால் டபிள்யூ25கியூ32 அல்லது டபிள்யூ25கியூ64, மேக்ரானிக்ஸ் என்றால் எம்எக்ஸ்25எல் என்று தொடங்கும். 32 என்றால் 4 மெகாபைட், 64 என்றால் 8 மெகாபைட், 128 என்றால் 16 மெகாபைட். பெயரில் உள்ள எண் மெகாபிட் கணக்கு என்பதால் எட்டால் வகுக்க வேண்டும்.

இந்த சிப்புக்குள் பயாஸ் மட்டும் இல்லை. தொடக்கத்தில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் டிஸ்கிரிப்டர், பிறகு பின்னணியில் தனியே இயங்கும் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் என்ஜினுக்கான ஃபர்ம்வேர் (சிப்பிலேயே இருக்கும் மென்பொருள்), இன்டெல் லேன் உள்ள பலகைகளில், நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரி இருக்கும் சிறு பகுதி, கடைசியில்தான் பயாஸ். பயாஸ் பகுதிக்குள்ளேயே கணினியின் சீரியல் எண், அடையாள எண் போன்றவையும் உண்டு. விண்டோஸ் 8 காலம் முதல் விண்டோஸோடு வந்த பிராண்டட் கணினிகளில் விண்டோஸ் சாவியும் இதே சிப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும் கோப்பு எல்லாக் கணினிக்கும் பொதுவானது. அதில் உங்கள் மேக் முகவரியும் இருக்காது, உங்கள் சாவியும் இருக்காது. இவை உங்கள் பலகையில் உள்ள சிப்பில் மட்டும்தான் இருக்கின்றன. "கோப்புதான் நெட்டில் கிடைக்கிறதே, நகல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இன்னொரு பதிலும் உண்டு. கோப்பு நெட்டில் கிடைக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. இன்டெல் தன் பெயரிலேயே விற்ற பழைய மதர்போர்டுகளின் பயாஸ் கோப்புகளை 2019 நவம்பர் 22-க்குப் பிறகு கிடைக்காது என்று அறிவித்துவிட்டுத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பெட்டியில் ஏதோ ஒரு பெயர் ஒட்டி விற்கப்படும் சீனத் தயாரிப்பு எச்61 பலகைகளுக்குத் தளம் என்று ஒன்றே இருப்பதில்லை. அவற்றுக்கு உங்கள் சிப்பிலிருந்து எடுக்கும் நகல்தான் ஒரே மூலம்.

இனி, மேம்படுத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வி. வேகம் கூடும் என்பதற்காக என்றால் வேண்டாம், கூடாது. விண்டோஸ் 11 ஏறும் என்பதற்காக என்றாலும் வேண்டாம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசசரும் கேட்கிறார்கள். எந்த பயாஸும் 2012 கணினியை எட்டாம் தலைமுறையாக்காது. பாதுகாப்புக்காக என்றால் பாதி சரி. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற புராசசர் ஓட்டைகளுக்குப் பல நிறுவனங்கள் பழைய மாடல்களுக்கும் பயாஸ் வெளியிட்டன. ஆனால் அதில் முக்கியமான மைக்ரோகோடை (புராசசருக்குள்ளேயே ஓடும் நுண்கட்டளைகளை) லினக்ஸும் விண்டோஸும் துவங்கும்போது தாங்களே புராசசரில் ஏற்றிக்கொள்கின்றன. அதற்காக சிப்பைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. அதே மாதம் 22-ஆம் தேதி, புதிய மைக்ரோகோடால் கணினிகள் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகின்றன, இப்போதைக்கு ஏற்ற வேண்டாம் என்று இன்டெல்லே சொல்ல நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. புதிது வந்ததும் ஓடிப்போய் ஏற்றியவர்கள் பழையதற்குத் திரும்ப வழி தேடிய நாட்கள் அவை.

சான்று உள்ள மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன என்ற செய்தியைப் படித்துப் பதறுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் கணினி அன்றைக்கே நின்றுவிடாது. பழைய எச்61 கணினிகள் பல லெகசி எனப்படும் பழைய துவக்க முறையில், செக்யூர் பூட் இல்லாமலே ஓடுகின்றன; அவற்றுக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

உண்மையில் பயாஸ் மாற்றியே தீர வேண்டிய காரணம் புராசசர் மாற்றுவதுதான். 2011-இல் வந்த எச்61 பலகை, சாண்டி பிரிட்ஜ் எனப்படும் இரண்டாம் தலைமுறைக்கானது. 2012 ஏப்ரலில் வந்த ஐவி பிரிட்ஜ், அதாவது மூன்றாம் தலைமுறை, அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் சரியாக உட்காரும். ஆனால் பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. ஐ3-2100-ஐ எடுத்துவிட்டு ஐ5-3470 போட ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய புராசசரைப் போட்டுவிட்டு டிஸ்பிளே வரவில்லை என்கிறார்கள். பழைய புராசசர் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். பல பலகைகளில் பயாஸோடு மேனேஜ்மென்ட் என்ஜின் ஃபர்ம்வேரும் 7-லிருந்து 8-க்குப் போகும். அதன் பிறகு தயாரிப்பாளரின் மென்பொருளால் திரும்ப 7-க்கு இறங்க முடியாத பலகைகள் நிறைய. முழு சிப்பின் நகல் கையில் இருந்தால் மட்டுமே பழைய நிலைக்கு வர முடியும்.

ஒரு எச்சரிக்கை. சாக்கெட் ஒன்று என்பதால் எல்லாப் பலகையும் மூன்றாம் தலைமுறையை ஏற்காது. கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுகளுக்கு அந்த ஆதரவை இன்டெல் கொடுக்கவே இல்லை. பழைய அலுவலகக் கணினியாக விற்கப்படும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990 இந்த வகை. எவ்வளவு புதிய பயாஸ் ஏற்றினாலும் பயனில்லை. ஆப்டிபிளெக்ஸ் 3010-இல் எச்61, 7010-இல் கியூ77. இவை மூன்றாம் தலைமுறைக்காகவே வந்தவை. காசு கொடுத்துப் புராசசர் வாங்கும் முன் சிப்செட் பெயரைப் பாருங்கள்.

பழைய போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் போட்டு, சாட்டா கேபிள் வகையைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி மாட்டுவோரும் பயாஸைத் தேடுவார்கள். அந்தக் காலப் பயாஸில் என்விஎம்இ டிரைவர் இல்லாததால் அதிலிருந்து நேரடியாகத் துவங்காது. டிரைவரைச் செருகிய திருத்திய பயாஸ்கள் நெட்டில் சுற்றுகின்றன. யாரோ திருத்தியதை ஏற்றுவதைவிட, துவக்கப் பகுதியை மட்டும் சாட்டா டிஸ்கில் வைத்து மீதி லினக்ஸை என்விஎம்இ-யில் வைப்பது எளிது, ஆபத்தும் இல்லை. எச்61-இல் சாட்டாவே 3 ஜிகாபிட் வேகம்தான் என்றாலும், ஹார்ட் டிஸ்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினாலே வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

இப்போது நகலெடுப்பது. மூன்று வழிகள் உண்டு. மூன்றும் சமமல்ல.

எளிதானது, பயாஸுக்குள்ளேயே இருக்கும் கருவி. கிகாபைட் பலகையில் துவங்கும்போது எண்ட் விசையை அழுத்தினால் கியூ-ஃபிளாஷ் வரும். அதில் பயாஸைப் பென் டிரைவில் சேமிக்கும் வசதி உண்டு. ஐந்து நிமிட வேலை. ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் பலவும் பயாஸ் பகுதியை மட்டும்தான் எடுக்கின்றன, மேனேஜ்மென்ட் என்ஜினையும் மேக் முகவரிப் பகுதியையும் விட்டுவிடுகின்றன. சேமித்த கோப்பின் அளவு சிப்பின் அளவைவிடக் குறைவாக இருந்தால் அது முழு நகல் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். ஒன்றுமில்லாததற்கு இது தேவலை, அவ்வளவுதான்.

இரண்டாவது, லினக்ஸில் ஓடும் ஃபிளாஷ்ராம் என்ற திறந்த மூல மென்பொருள். லினக்ஸை லைவாகப் பென் டிரைவிலிருந்து துவக்கி, செக்யூர் பூட்டை அணைத்து, கெர்னல் வரியில் ஐஓமெம் என்பதற்கு ரிலாக்ஸ்டு என்று மதிப்புக் கொடுத்தால்தான் அது சிப்பை எட்டும். உள்வழியாகப் படிக்கச் சொன்னால், சில பலகைகளில் முழுவதையும் படித்துத் தரும். சிலவற்றில் மேனேஜ்மென்ட் என்ஜின் பகுதி பூட்டியிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். டிஸ்கிரிப்டரில் தயாரிப்பாளர் போட்ட பூட்டு அது. படிக்கும் வேலைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பூட்டு இருக்கிறது என்று அது எச்சரித்த பலகையில் இதே வழியாக எழுதப் போகக் கூடாது. பாதி எழுதி நிற்கும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவதுதான் நம்பத்தக்கது: வெளியிலிருந்து, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் என்ற கருவியால் நேரே படிப்பது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சிஎச்341ஏ என்ற சிறிய யுஎஸ்பி புரோகிராமர், எட்டுக் கால் கிளிப்போடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கியதும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். கருப்பு நிறப் பலகையில் வரும் மலிவு வகைகளில், சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. டபிள்யூ25கியூ64 போன்ற சிப்பின் எல்லை 2.7 முதல் 3.6 வோல்ட் வரைதான். பல சிப்புகள் சிறிது நேரம் தாங்கிவிடும். அதனால்தான் இந்தக் குறையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மதர்போர்டோடு சேர்த்துக் கிளிப் போடும்போது அந்த 5 வோல்ட் சிப்செட்டுக்கும் போகிறது என்பதுதான் கவலை. மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், அல்லது 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் சுவிட்ச் உள்ள வகையை வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர்கள் அதையே புரோகிராமராக்கலாம். அதன் கால்கள் 3.3 வோல்ட்தான், ஃபிளாஷ்ராம் அதிலும் ஓடும்.

சிப் சாக்கெட்டில் செருகிய டிப் வகை என்றால் அதிர்ஷ்டம். அந்தக் கால ஏசூஸ், ஏஎஸ்ராக் பலகைகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். சிறு தட்டை ஸ்குரூ டிரைவரால் இரு ஓரமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளைந்து முறியும். எடுக்கும் முன் வெட்டுக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிப் பலகையோடு பற்றவைத்த வகை என்றால் கிளிப் தேவை. மின் வயரைப் பிடுங்கி, 24 பின் கனெக்டரையும் புராசசர் பக்கத்து 4 பின் கனெக்டரையும் கழற்றி, பலகையில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே கிளிப்பைப் போட வேண்டும். கிளிப்பின் சிவப்பு வயர், சிப்பின் மேல் புள்ளி இருக்கும் முதல் காலுக்கு வர வேண்டும். தலைகீழாகப் போட்டால், 8-ஆம் காலுக்குப் போக வேண்டிய 3.3 வோல்ட் 4-ஆம் காலாகிய கிரவுண்டுக்குப் போய்விடும். சிப் சுடும். சுட்டது தெரிந்தவுடன் யுஎஸ்பியைப் பிடுங்கினால் சில நேரம் தப்பிக்கும்.

படிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஒரு முறை படித்ததை நம்பக் கூடாது. இரண்டு முறை படித்து, நடுவில் ஒரு தடவை கிளிப்பைக் கழற்றி மாட்டி மூன்றாம் முறையும் படித்து, மூன்று கோப்புகளின் எஸ்எச்ஏ256 மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். 8 மெகாபைட் சிப் என்றால் கோப்பின் அளவு 83,88,608 பைட்; 4 மெகாபைட் என்றால் 41,94,304. அளவு சரியாக இருந்தும் உள்ளே முழுவதும் எஃப்எஃப் அல்லது முழுவதும் சைபர் என்றால் கிளிப் கால்களைத் தொடவே இல்லை. ஒவ்வொரு முறையும் மதிப்பு மாறினால், பலகையின் மற்ற பாகங்கள் புரோகிராமரின் மின்சாரத்தை இழுக்கின்றன. ஒயரைக் குட்டையாக்கிப் பாருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவியால் சிப்பை இறக்குவது தவிர வழியில்லை.

மூன்றும் ஒத்துப்போன பிறகும் ஒரு சோதனை பாக்கி. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், இன்டெல் டிஸ்கிரிப்டர் உள்ள சிப்பில் முதல் பதினாறு பைட்டுக்கு அடுத்து 5ஏ, ஏ5, எஃப்0, 0எஃப் என்ற நான்கு பைட் வரிசை இருக்கும். யூஇஎஃப்ஐ-டூல் என்ற இலவச மென்பொருள் கோப்பைத் திறந்து பகுதி பகுதியாகக் காட்டினால் நகல் நல்ல நகல். சில அலுவலக மாடல்களில் 8 மெகாபைட் ஒன்று, 4 மெகாபைட் ஒன்று என இரண்டு சிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பலகை மாடல், ரிவிஷன், சிப் பெயர், பயாஸ் பதிப்பு, தேதி ஐந்தையும் எழுதுங்கள். வெறுமனே "பேக்கப்" என்று இருக்கும் கோப்பை இரண்டு வருடம் கழித்து எந்தப் போர்டுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நகல் அதே கணினியின் டிஸ்கில் மட்டும் கிடந்தாலும் பயனில்லை.

பக்கத்து வீட்டுக் கணினியும் அதே மாடல்தானே, அதன் நகலை ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். இயங்கும். ஆனால் மேக் முகவரி சிப்பில் இருக்கும் பலகை என்றால், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கணினிக்கும் ஒரே முகவரி வந்து, இது போனால் அது வரும், அது போனால் இது வரும். பள்ளிக் கணினி அறைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் வயரையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத நெட் பிரச்சினைக்கு இதுவும் ஒரு காரணம்.

நகல் கைக்கு வந்த பிறகே மேம்படுத்தும் பேச்சு. மாடல் பெயர் மட்டும் பார்த்துக் கோப்பை இறக்காதீர்கள். கிகாபைட் பலகையின் ஓரத்தில் ரிவிஷன் எண் அச்சிட்டிருக்கும், 1.0-க்கும் 2.0-க்கும் கோப்பு வேறு. பதிப்புக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். "இதற்கு முன் இந்தப் பதிப்பு கட்டாயம்", "இதன் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது" என்பவை அங்கேதான் ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

ஏற்றும் முன் பயாஸ் அமைப்புத் திரைகள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். முக்கியமாக, டிஸ்கோடு கணினி எந்த முறையில் பேசுகிறது (ஏஎச்சிஐ அல்லது ஐடிஇ) என்பதைச் சொல்லும் சாட்டா மோட். புதிய பயாஸ் ஏறியதும் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும். ஏஎச்சிஐ-யில் நிறுவிய விண்டோஸ், மோட் ஐடிஇ-க்கு மாறியதும் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை காட்டும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் அடித்துவிடுவார்கள். மோடைத் திருப்பி வைத்தால் முடிந்துபோகும் விஷயம். யூஇஎஃப்ஐ எனப்படும் புதிய துவக்க முறையில் நிறுவிய லினக்ஸின் துவக்கப் பதிவும் அழிந்து போகலாம். லைவ் பென் டிரைவிலிருந்து திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் முன்பே தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும்.

ஓவர்கிளாக் (புராசசரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இருந்தால் எடுத்துவிடுங்கள். ராமை மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை மென்பொருள் போட்டு ஒரு முழுச் சுற்றாவது சோதியுங்கள். ஏற்றப் போகும் கோப்பு முதலில் ராமுக்கு வந்துதான் சிப்புக்குப் போகிறது. ராம் கெட்டிருந்தால் கெட்ட பிட் சிப்பிலும் ஏறும். பலகையில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அதைச் சரி செய்யும்வரை பயாஸை நினைக்கவே வேண்டாம். பலகையின் பட்டன் பேட்டரியை அளந்து, 3 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் புதியது போட்டுவிடுங்கள்.

பிறகு மின்சாரம். ஆடிக் காற்றில் கரண்ட் விட்டு விட்டு வரும் மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் அது பெயருக்குத்தான் இருக்கும். முந்தைய நாளே கணினியும் மானிட்டரும் ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடமாவது தாங்குகிறதா பாருங்கள். எழுதும் வேலை சில நிமிடம்தான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வெளி மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இன்வெர்ட்டர் சாதாரண மோடில் மாறும் நேரம் அதைத் தாண்டிவிடும்.

பென் டிரைவ் பழையதாக, சிறியதாக இருப்பது நல்லது. ஃபேட்32-வாக ஃபார்மட் செய்து, பின்பக்கத்துக் கருப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நேரே செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டின் கேபிள் தளர்ந்திருக்கலாம். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருளை விட்டுவிடுங்கள். பின்னணியில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் ஓடும் இடத்தில் இதைச் செய்வது வீண் துணிச்சல். பயாஸுக்குள் இருக்கும் கருவியே சரி: கிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், ஏசூஸில் ஈசி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். முடிந்ததும் கணினி தானே இரண்டு மூன்று முறை அணைந்து எரியும், சில நிமிடம் கறுப்புத் திரையாகவே நிற்கும். அது ராமைப் பழக்கிக்கொள்கிறது, மேனேஜ்மென்ட் என்ஜின் புதுப்பித்துக்கொள்கிறது. வெற்றிகரமாக ஏறிய பயாஸைக் கெடுப்பது பல நேரம் இந்த இடத்தில் பொறுமையிழந்து ஸ்விட்சை அணைக்கும் விரல்தான். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அப்படியும் உயிர் வரவில்லை என்றால் முதலில் பலகையில் உள்ள ஜம்பரால் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் இருக்கும் நினைவகத்தை) அழியுங்கள், ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துப் பாருங்கள். அடுத்து அந்தப் பலகைக்குரிய மீட்பு வழி. இன்டெல் பலகைகளில் மூன்று பின் ஜம்பரை முழுக்கக் கழற்றிவிட்டால் பென் டிரைவில் உள்ள கோப்பைத் தேடி ஏற்றிக்கொள்ளும். கிகாபைட்டின் டூயல் பயாஸ் பலகையில் இரண்டாவது சிப் முதலாவதைச் சரி செய்யும். ஆனால் அந்த இரண்டாவதில் இருப்பது பழைய பதிப்பு, அதற்கு மூன்றாம் தலைமுறைப் புராசசர் தெரியாது. கழற்றிய ஐ3-2100-ஐ உடனே விற்றுவிடாதீர்கள் என்பது இதனால்தான்.

எதுவும் கைகொடுக்காவிட்டால் புரோகிராமர் வழியே, எடுத்து வைத்த முழு நகலை எழுதுங்கள். அழி, எழுது, சரிபார் என்ற மூன்றும் நடக்க வேண்டும். அழித்த பிறகும் பழைய பைட்டுகள் அப்படியே இருந்தால் சிப்பின் எழுத்துப் பாதுகாப்பு பிட்டுகள் போட்டிருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி அழிக்க வேண்டும். ஏசூஸின் கேப் என்று முடியும் கோப்பை அப்படியே சிப்பில் எழுதிவிடுபவர்கள் உண்டு. அதன் தலையில் 2,048 பைட் உறை இருக்கிறது. அதை நீக்காமல் எழுதினால் எல்லாமே 2,048 பைட் தள்ளிப்போய் போர்டு துவங்காது. உறையை நீக்கி எழுதினாலும் மேக் முகவரியும் சீரியல் எண்ணும் போய்விடும். முழு நகல் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

"மதர்போர்டு போச்சு" என்று கடைகளில் ஒதுக்கப்படும் பலகைகளில் சிப்பில் எழுத்து மட்டும் கெட்டவையும் இருக்கின்றன. போர்டு மாற்றச் சொன்னால், பயாஸ் சிப்பை எழுதிப் பார்த்தீர்களா என்று வாசகர்கள் கேட்கலாம்.

உங்கள் கணினிப் பக்கத்தின் அந்தப் பட்டியலை மறுபடி வெளியிடுவீர்களானால், பயாஸ் வரியைக் கடைசிக்குக் கொண்டுபோய், "புராசசர் மாற்றுபவர்கள் மட்டும், முழு சிப்பின் நகல் எடுத்த பிறகு" என்று சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். சாக்கெட் வகைப் பலகை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வரி: அதே எண்ணுள்ள புதுச் சிப் ஒன்று வாங்கி, நகலை அதில் எழுதி, ஒரு முறை மாட்டித் துவக்கிப் பார்த்துவிட்டு, ஆன்டி-ஸ்டேட்டிக் உறையில் போட்டுக் கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

இப்படிக்கு,
மேசைக் கணினி பழுதுபார்ப்போர் இருவர்,
கோயம்புத்தூர்.